கதவு பூட்டு

அட்டை கடிக்கும்போது யாருக்கும் தெரியாது. குடித்து நிறைந்து அது விழுந்த பிறகுதான் அரிக்கும். இரண்டு நாள், மூன்று நாள் சொறியச் சொல்லும். ஏலத்தோட்டத்துக்குப் போகிற எல்லாருக்கும் இது பழக்கம்.

எனக்கு அந்த அரிப்பு நின்றுபோனது. அதுதான் முதல் அறிகுறி. நான் அதை நோய் என்று நினைக்கவில்லை. இத்தனை வருடம் மழையிலும் சேற்றிலும் நின்ற கால், பழகிவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"ஒங்க ரத்தம் அட்டைக்கே பிடிக்கல மதினி. ஒரு வாய் குடிச்சிட்டுக் கசக்குதுன்னு ஓடிருது" என்பாள் அந்தோணியம்மாள். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவளும் நானும் ஒரே தெரு, ஒரே ஜீப்.

கசக்கவில்லை. இனித்திருக்கிறது. அது பிறகுதான் தெரிந்தது.

என் பெயர் லூர்துமேரி. கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். இருபத்தாறு வருடம் ஏலக்காய் எடுக்கப் போனேன். காலை ஐந்து மணிக்கு ஜீப். கம்பம்மெட்டு ஏறி, கேரளாவுக்குள் நுழைந்து, தோட்டத்தில் இறங்க ஏழாகும். திரும்பி வீட்டுக்கு வர சாயங்காலம் ஆறு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை கிடையாது. அன்றைக்குக் கோயிலில் பூசை.

சர்க்கரையால் காலில் புண் வந்து கிடப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். விடியுமுன் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும்.

தோட்டத்தில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்வோம். என் வலது பூட்ஸின் அடி தேய்ந்து ஒரு கீறல் விட்டிருந்தது. அந்தக் கீறல் வழியாக ஒரு மூங்கில் சிம்பு உள்ளே ஏறியிருக்கிறது. ஒரு நாள் முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து காய் எடுத்திருக்கிறேன். தெரியவில்லை.

சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினால் காலில் சுற்றியிருந்த துணி முழுக்க ரத்தம். அட்டை என்று நினைத்தேன். மழைக்காலத்தில் தினமும் யாராவது ஒருவர் பூட்ஸில் ரத்தம் இருக்கும். புகையிலைத் தூளை அப்பினேன். துணியைச் சுற்றிக் கட்டினேன். மறுநாள் வேலைக்குப் போனேன்.

எங்கள் ஆட்கள் எல்லாரும் இந்தத் தப்பைச் செய்வார்கள். ரத்தம் என்றால் அட்டை. அதற்கு மேல் பார்ப்பதில்லை.

ஒன்பது நாள் அப்படியே போனேன். பத்தாவது நாள் ஜீப்பில் ஒரு நாற்றம்.

"ஏ பாண்டி, வண்டிக்குள்ள என்னமோ செத்துக் கெடக்குதுப்பா" என்றாள் அந்தோணி.

பாண்டிதான் டிரைவர். "எலியா இருக்கும். ராத்திரி சோத்து வாளியத் தொறந்துபோட்டு எறங்குறீக, எலி வராம மயிலா வரும்?" என்றான். வண்டியை ஓரத்தில் நிறுத்தினான். எல்லாரும் இறங்கி சீட்டுக்கு அடியில் தேடினோம். நானும் குனிந்து தேடினேன். எலி இல்லை.

தோட்டத்தில் பூட்ஸைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்த நாற்றம் என் காலில் இருந்து வந்தது. பெருவிரலும் அடுத்த விரலும் நாவற்பழம் போலக் கறுத்திருந்தன. வலி இல்லை. அந்தோணி என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்கலையா மதினி?"

"இல்லையே."

"இது எப்படி வலிக்காம இருக்கும்?" என்றாள். பிறகு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

கங்காணி அங்கேயே பக்கத்தில் இருந்த கேரள அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நர்சு விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தாள். எண் வரவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து வந்தது. அந்த மெஷினால் எண்ண முடியாத அளவுக்குச் சர்க்கரை இருந்தால் அப்படி வருமாம்.

"சேச்சீ, ஷுகர் எத்ர நாளாயி?" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்கிறாள்.

"இன்னைக்குத்தேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டினாள். ஊசி போட்டாள். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். மாதாமாதம் மாத்திரை வாங்க உங்கள் ஊரில்தான் பதிந்திருக்க வேண்டும், அங்கே காட்டுங்கள் என்றாள். அவள் மேல் குறை இல்லை. பகலில் நான் ஒரு மாநிலத்தில் இருந்தேன். இருட்டினால் இன்னொரு மாநிலத்தில் இருந்தேன். பகலில் இருந்த இடத்தில் என் பெயர் இல்லை. பெயர் இருந்த இடத்தில் பகலில் நான் இல்லை.

மறுநாள் தேனிக்குக் கொண்டுபோனார்கள். பெரிய ஆஸ்பத்திரி. ஓடைப்பட்டியில் கட்டிக்கொடுத்த என் மகள் ராணி வந்துவிட்டாள். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து நடக்கிற நேரம். கொடி வெட்டுகிற கத்தரியைக்கூடப் பையில் வைத்தபடியே வந்திருந்தாள்.

"ஏம்மா, ஒரு போன் போட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"போன் போட்டு என்னத்தச் சொல்ல? வலிச்சாச் சொல்லலாம்."

அவள் என்னைப் படுக்கவைத்திருந்த தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தாள். வராந்தா நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் பெஞ்சில் ஆட்கள். பாதிப் பேருக்குக் காலில் கட்டு. அத்தனை காலைக் கட்டோடு ஒரே இடத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. கரும்பு வெட்டுகிறவர், வாழைத்தார் சுமக்கிறவர், செங்கல் சூளைப் பெண். எல்லாரும் வெயிலில் நிற்கிற ஆட்கள்.

அங்கே ஒரு பெண் டாக்டர் பார்த்தார். சின்ன வயது. வேறு ஜில்லாப் பேச்சு. தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழையை எடுத்து முதலில் என் கையில் தொட்டுக் காட்டினார்.

"இது மாதிரி உள்ளங்கால்ல தொடுவேன். கண்ணை மூடிக்கங்கம்மா. தெரியும்போது தெரியுதுன்னு சொல்லுங்க."

கண்ணை மூடினேன். காத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் காலை எடுத்துவிடுவார்களோ என்று பயம். கொஞ்சம் பொறுத்து, "தெரியுது" என்றேன். இன்னும் கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "தெரியுது."

"அம்மா, நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கல" என்றார் டாக்டர்.

ராணி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் கோபப்படவில்லை. "நிறையப் பேர் இப்படித்தான் சொல்றாங்க" என்றார். பிறகு தொட்டார். பத்து இடத்தில் தொட்டதில் மூன்று இடம்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பெயர் நியூரோபதி (சர்க்கரை நாள்பட்டு ஏறியே இருந்தால் நரம்பு உணர்ச்சி போய் மரத்துப்போவது) என்று சொன்னார். அரிப்பு நின்றதை நான் சொன்னேன். அட்டை விஷயத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. எழுதிக்கொண்டார்.

"சர்க்கரை ரொம்ப வருசமா இருந்திருக்கும்மா. இப்பல்லாம் வீட்டுக்கே வந்து பார்க்கிறாங்களே. உங்க வீட்டுக்கு யாரும் வரலையா?"

"யாரும் வரலையே" என்றேன்.

நம்பாத மாதிரி பார்த்தார். அந்தத் திட்டம் எல்லா ஊருக்கும் இருக்கிறது என்றார். இருக்கலாம் என்றேன்.

பேனாவால் என் பாதத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். விரல்களுக்கு மேலே, நான்கு விரல்கடை தள்ளி. கறுப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும். தாண்டாமல் நின்றால் விரல்களோடு போகும். மருந்து ஏற்றுகிறோம், மூன்று நாள் பார்ப்போம் என்றார்.

அந்த மூன்று நாளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. விடிந்ததும் டாக்டர் வருவதற்கு முன்னால் நானே போர்வையை விலக்கிக் கோட்டைப் பார்ப்பேன். ராணி பார்க்க மாட்டாள். என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். கால் போனால் ஜீப்பில் ஏற முடியாது. ஜீப்பில் ஏறாமல் எனக்கு வாழத் தெரியாது. அதைத்தான் நினைத்தேன். செபம்கூடச் சரியாக வரவில்லை. பாதியில் கோட்டுக்கே திரும்பிவிடும்.

மூன்றாம் நாள் கறுப்பு ஒரு பக்கம் கோட்டைத் தொட்டிருந்தது. தாண்டவில்லை.

இரண்டு விரலையும் எடுத்தார்கள். பிறகு இரண்டு தடவை டிப்ரைட்மென்ட் (அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்வது) நடந்தது. கால் மிச்சம். டாக்டர் வந்து, "உங்க கால் அதிர்ஷ்டம் பண்ணியிருக்கு" என்றார். சரிம்மா என்றேன்.

இருபத்து மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன்.

ராணி ஒரு வாரம் இருந்துவிட்டு ஓடைப்பட்டிக்குப் போனாள். அந்தோணி காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு ஜீப்புக்கு ஓடுவாள். அதற்குப் பிறகு நான் மட்டும். கதவைச் சாத்தி வைத்திருப்பேன். தெருநாய் வந்து காலை மோப்பம் பிடிக்கும் என்று பயம்.

என் வீட்டுப் பத்து மணியை அப்போதுதான் பார்த்தேன். வேலை நாளில் பத்து மணிக்கு நான் வீட்டில் இருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கோயில். ஜன்னல் வழியாக வெயில் வந்து முதலில் அடுப்பு மேடையில் விழுகிறது. பிறகு தரைக்கு இறங்குகிறது. என் வீட்டில் வெயில் எங்கே விழும் என்பது இத்தனை வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் அடுப்பு மேடையில் இருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. பார்த்தேன். தனம். மேலத்தெருப் பெண். தோளில் நீலப் பை, கையில் நோட்டு. வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுப்பது அவள் வேலை. அவளை எனக்குத் தெரியும். கடையில், கோயில் திருவிழாவில் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

என் வீட்டுக்கு முன்னால் நடந்துகொண்டே நோட்டைத் திறந்தாள். கதவைப் பார்க்கவில்லை. ஏதோ எழுதினாள். அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"ஏ தனம்" என்று உள்ளே இருந்து கூப்பிட்டேன்.

அவள் பயந்துபோனாள். திரும்பி வந்து கதவைத் தள்ளினாள். என்னைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க வீட்லயா இருக்கீக?"

"இப்ப என்ன எழுதுன?"

நோட்டை நீட்டினாள். என் பெயருக்கு நேராகக் கட்டம் கட்டமாக ஒரே எழுத்து. க.பூ. க.பூ. க.பூ. எண்ணினேன். பத்தொன்பது இருந்தது. கடைசியில் ஈரம் காயாமல் ஒன்று.

"அப்படின்னா?"

"கதவு பூட்டுன்னு அர்த்தம்க்கா. ஆள் இல்லேன்னா அப்படித்தேன் எழுதச் சொல்லியிருக்காக."

அந்தத் தாளை மேலிருந்து கீழே பார்த்தேன். அந்தோணி, க.பூ. எதிர்வீட்டு மரியபுஷ்பம், க.பூ. எங்கள் தெருவில் ஜீப்புக்குப் போகிற எல்லாருக்கும் அதேதான். பெயர் மட்டும் மாறியது. வயசாளிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் எண் இருந்தது.

"மொதல்ல ஆறு மாசம் தட்டிப் பாத்தேன்க்கா. பெறகு..." என்று நிறுத்தினாள்.

"பெறகு பூட்டே பழகிப்போச்சு" என்றேன்.

"ஒம்பது மணிக்கு மேலதேன் வரணும்னு டூட்டி போட்டிருக்காக. நான் என்ன செய்ய?"

அவள் கண் கலங்கியது. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. என் காலுக்கு நானே பழகிப்போயிருந்தேன். அவள் பூட்டுக்குப் பழகிப்போயிருந்தாள். அதை அவளிடம் சொல்லவில்லை. "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

அவள் என் சர்க்கரையைப் பார்த்து, க.பூ. என்று எழுதியதை அடித்துவிட்டு, எண்ணை எழுதினாள்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். தினமும் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்து அதன்மேல் காலைப் பிடித்துப் பாருங்கள். செருப்பையோ பூட்ஸையோ போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். சூடு பார்க்கக் காலை நீட்டாதீர்கள், கையை நீட்டுங்கள். இன்சுலினைக் குளிர்ப்பெட்டி இல்லாதவர்கள் டப்பாவில் போட்டு மூடி, ஈர மணலில் புதைத்த மண்சட்டிக்குள் வைக்கலாம். தனம் சொல்லிக் கொடுத்தது. நான் அப்படித்தான் வைக்கிறேன். வேறு யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. சொல்ல வந்தபோது நான் பூட்டு.

புண் ஆற ஏழு மாதம் ஆனது. ஆறியது என்று சொல்கிறார்கள். பெருவிரல் இல்லாமல் நடக்கப் பழகலாம். குத்துக்காலிட்டு உட்கார முடியாது. உடம்பு முன்னால் சாயும்போது தாங்குவது பெருவிரல்தான் என்று எனக்கு முன்பு தெரியாது. ஏலக்காய், செடியின் அடியில் காய்க்கும். குந்தி உட்கார்ந்து நகர்ந்துதான் எடுக்க வேண்டும். ஆக அந்த வேலை முடிந்தது. ஒரு நாள் யாரும் இல்லாதபோது அடுக்களையில் உட்கார்ந்து பார்த்தேன். விழுந்தேன். எழுந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. அதோடு விட்டுவிட்டேன்.

இடையில் கிராமசபைக் கூட்டம் வந்தது. விடுமுறை நாள், ஜீப் கிடையாது. பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். வட்டார டாக்டரும் வந்து உட்கார்ந்திருந்தார். சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"சும்மா இருங்க மதினி" என்று அந்தோணி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "தண்ணியப் பத்திப் பேசுறாக. நடுவுல போயிக் காலப் பத்திப் பேசிக்கிட்டு."

எழுந்து நின்றேன். கூட்டத்தில் நான் பேசியது அதுவரை இல்லை.

"கதவு பூட்டுன்னு எழுதிட்டுப் போறீக சார்" என்றேன். "கதவுக்கா சர்க்கரை?"

கூட்டம் சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கும்மா வேலைக்குப் போறீங்க?"

"அஞ்சுக்கு ஜீப்பு. நாலரைக்கெல்லாம் நிப்போம்."

"நாலரைக்கு எந்த டாக்டரு முழிச்சிருப்பாரு? நாயே அப்பத்தேன் படுக்கும்" என்றது பின்னால் ஒரு ஆண் குரல். மறுபடியும் சிரிப்பு.

"இந்த ஊர்ல இருந்து எத்தனை ஜீப் போகுது?" என்று டாக்டர் கேட்டார். அது அவருக்குத் தெரியவில்லை. பெண்கள் தங்களுக்குள் எண்ணிப் பதினான்கு என்றார்கள். ஒரு ஜீப்புக்கு எத்தனை பேர் என்று கேட்டார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அளவுக்கு மேல் ஏற்றுவது போலீஸ் காதில் விழும்.

"பார்க்கிறேன்" என்றார்.

அந்த வார்த்தையை நாங்கள் நிறையத் தடவை கேட்டிருக்கிறோம். உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மழைக்காலம் போனது. ஆள் இல்லை என்றார்கள். நேரம் ஒத்துவராது என்றார்கள். மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். தனம் செவ்வாய்க்கிழமைகளில் வந்து இதைச் சொல்லிவிட்டுப் போவாள். நான் கேட்டுக்கொள்வேன். எதிர்பார்த்து உட்காரவில்லை. எதிர்பார்ப்பதற்கும் தெம்பு வேண்டும்.

பிறகு ஒரு நாள் வந்து, "அக்கா, வெள்ளிக்கெழம காலைல ஜீப் ஸ்டாண்டுக்கு வாறீகளா?" என்றாள். உத்தரவு வந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நாலரை மணிக்கு, ஸ்டாண்டிலேயே பார்க்கலாம். அந்த இரண்டு நாளும் அவளுக்கு மத்தியானம் வேலை கிடையாது. ஒரு மாத மாத்திரையை அங்கேயே கொடுக்கலாம். சின்ன நோட்டு ஒன்றும் கொடுக்கிறார்கள். மலைமேல் ஏதாவது ஆகிவிட்டால் கேரள ஆஸ்பத்திரியிலும் அதிலேயே எழுதிக்கொடுக்கும்படி வட்டார டாக்டர் அங்கே போனில் பேசியிருக்கிறாராம்.

"நான் எதுக்கு?"

"சும்மா வந்து உக்காருங்க. ஒங்களப் பாத்தா கைய நீட்டுவாக."

நான் போனேன். டீக்கடை வெளிச்சத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. செருப்பைக் கழற்றிக் காலை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் ஒன்றும் பேசவில்லை. பேசவும் வராது. வருகிறவர்கள் பார்த்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

முதல் நாள் நான்கு பேர்தான் விரலை நீட்டினார்கள். மற்றவர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே பேசினார்கள்.

"சுகருன்னு எழுதிப்புட்டா கங்காணி ஏத்தமாட்டாரு ஆத்தா. ஒன் நோட்ட நீயே வச்சுக்க."

"தெரியாம இருக்கிற வரைக்கும் நல்லாத்தான இருக்கேன்?"

"தனம் டாக்டரே, சீக்கிரம் விடு. செக்போஸ்ட்ல வரிசை நிக்கும்" என்று பாண்டி ஹாரன் அடிப்பான்.

அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. ஒரு நாள் கூலி போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நானும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். இரண்டு மாதத்தில் நான்கு பேர் பன்னிரண்டு ஆனார்கள். அதற்குமேல் ஏறவில்லை. மரியபுஷ்பத்துக்குப் பிரஷர் இருப்பது தெரிந்தது. மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். கங்காணி ஒன்றும் சொல்லவில்லை.

அந்தோணி மட்டும் வரவே இல்லை. எனக்குக் கஞ்சி வைத்தவள், என் கட்டை மாற்றியவள். ஸ்டாண்டில் என்னைத் தாண்டிப் போய் முன் சீட்டில் ஏறிக்கொள்வாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மதினி. ஒங்க அண்ணன் தம்பி வம்சத்துல இருக்கும் அது. எங்க வீட்ல கெடையாது" என்பாள்.

போன மழையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கெண்டைக்காலில் மூன்று இடத்தில் அட்டை கடித்த தடம். முந்தின நாள் கடித்தது, காய்ந்திருந்தது.

"அரிக்குதா?" என்றேன்.

"எங்க அரிக்குது? எல்லாம் பழகிப்போச்சு" என்றாள். சொன்ன பிறகு என்னைப் பார்த்தாள். உடனே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் நாற்காலியில் உட்காரவில்லை. தனத்திடம் அந்த நைலான் இழை ஒன்று இருக்கிறது. தேனி டாக்டர் எனக்குக் காட்டியது போல. வட்டார ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டு ஜீப்பின் முன்பக்கம் போனேன். அந்தோணி உட்கார்ந்திருந்தாள். மடியில் சோற்று வாளி.

"காலக் கொடு."

"ஏ மதினி, எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும். கொடு."

"நாத்தனார் காலப் பிடிக்கிற மதினிய இன்னைக்குத்தேன் பாக்குறேன்" என்றான் பாண்டி. வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். அந்தோணியும் சிரித்தாள். சிரித்ததில் காலை நீட்டிவிட்டாள். நான் அவள் குதிகாலைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். காய்ப்பு ஏறி, மரம்போல இருந்தது.

"கண்ண மூடு. தொட்டாச் சொல்லு."

அவள் கண்ணை மூடினாள். முகம் இறுகியிருந்தது. கோயிலில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க நிற்கும்போது அப்படி இருக்கும் அவள் முகம். நான் இழையைத் தூக்கிப் பிடித்தேன். எந்த இடத்தில் முதலில் தொடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுது மதினி" என்றாள்.

இழை என் கையில்தான் இருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. பாண்டிகூட ஹாரனில் இருந்து கையை எடுத்துவிட்டான். அவள் கண்ணைத் திறந்தாள். என் கையைப் பார்த்தாள். காலுக்கும் இழைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். எனக்கு அந்த டாக்டர் சொன்னதை அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வண்டிய எடுக்கவா?" என்றான் பாண்டி, மெதுவாக.

அந்தோணி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

ஜீப் போன பிறகு தனம் அவள் விரலில் குத்தினாள். எண் வந்தது. பெரிய எண்தான். ஆனாலும் எண். தனம் அதைக் கட்டத்தில் எழுதினாள். அந்தோணியின் வரிசையில் அதற்கு முன்னால் இருந்தது எல்லாம் க.பூ.

இருவரும் என் வீட்டுக்கு வந்தோம். நான் மெதுவாகத்தான் நடப்பேன். வலது காலைத் தரையில் வைக்கும்போது தரை எனக்குத் தெரிவதில்லை. குனிந்து பார்த்து, வைத்தாயிற்று என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த அடி. அப்படி நடந்தால் ஸ்டாண்டில் இருந்து வீட்டுக்கு வரவே நேரம் ஆகிவிடுகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. அந்தோணி முன்னால் போய்விட்டு, நின்று, திரும்பி வந்து என்கூட நடந்தாள். அவளும் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில், பொழுது ஏறிப் பசித்தபோது, அவள் வாளியைத் திறந்தாள். தோட்டத்தில் மத்தியானம் சாப்பிடக் கட்டிய சோற்றை இருவரும் சாப்பிட்டோம். கதவைச் சாத்தவில்லை. வெயில் வந்து அடுப்பு மேடையில் விழுந்தது.

"மணி என்ன மதினி?" என்றாள்.

"பத்து" என்றேன்.